வலிச்சா நிறுத்தணுமா, பல்லைக் கடிச்சிட்டு பண்ணணுமா? பிசியோகிட்ட கேளுங்க

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே ரகம். பிசியோதெரபி அவசியமா, வீட்லயே பண்ணிக்கக்கூடாதா, போனா வலிக்குது போகலன்னா திட்டுறாங்க, இன்னும் எத்தனை நாள்தான் போறது... அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்திருக்கேன், உங்க கடிதம் அப்படியே வரலையேன்னு கோவிச்சுக்காதீங்க.

மேடம், ஃபுட்பால் ஆடுறப்ப முட்டி திரும்பி ஏசிஎல் (முட்டிக்குள்ள எலும்புகளைப் பிடிச்சு வைக்கிற) ஜவ்வு அறுந்துடுச்சு. ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. வலி சுத்தமா இல்ல, வீக்கமும் இல்ல. எக்ஸர்சைஸ் எல்லாம் வீடியோவுலயே கிடைக்குது, பாத்து நானே பண்றேன். பிசியோவும் அதே எக்ஸர்சைஸைத்தான் பண்ண வைக்கிறார். இனிமே போகத்தான் வேணுமா? பிரெண்ட்ஸ் எல்லாம் ஆட கூப்பிடுறாங்க. (வாசகர், 24 வயசு)

தம்பி, உங்க கடிதத்துல என்னை பயமுறுத்துன வரி எது தெரியுமா, 'வலி சுத்தமா இல்ல'ங்கிறதுதான். ஏசிஎல் ஆபரேஷன்ல பெரும்பாலும் அறுந்த ஜவ்வைத் தைக்கிறதில்ல. தொடைக்குப் பின்னால இருந்தோ முட்டிக்கு முன்னால இருந்தோ ஒரு தசைநார் துண்டை எடுத்து, எலும்புல துளை போட்டு, பழைய ஜவ்வு இருந்த இடத்துல பொருத்துறாங்க. அந்தத் துண்டு உள்ள போறப்ப அதுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. அதுல இருக்கிற பழைய செல்லுங்க செத்து, புதுசா ரத்தக்குழாய் வளந்து, கொஞ்சம் கொஞ்சமா அது ஜவ்வு மாதிரி ஆகணும், இதுக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். இந்த வேலை உள்ள நடக்குறப்ப, தோராயமா ஆறாவது வாரத்துலருந்து பன்னெண்டாவது வாரம் வரைக்கும், அது பொருத்துன அன்னைக்கு இருந்ததைவிட பலம் கம்மியா இருக்கும். கரெக்டா அந்த நேரத்துலதான் வலியும் போயி வீக்கமும் வத்தி, நமக்கு சரியாயிடுச்சுடான்னு தோணும். இப்ப நீங்க நிக்கிற இடம் அதுக்குப் பக்கத்துலதான்.

அடுத்தது 'அதே எக்ஸர்சைஸ்' விஷயம். பேரு அதேதான், ஒத்துக்கிறேன். ஒரு வேலை பண்ணுங்க, எடை பாக்குற மெஷின் ரெண்டு கிடைச்சா பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு கால் ஒவ்வொண்ணுல வெச்சு மெதுவா ஸ்குவாட் பண்ணுங்க, குனிஞ்சு பாக்காதீங்க, வேற யாரையாவது ரெண்டு நம்பரையும் படிக்கச் சொல்லுங்க. ஆபரேஷன் பண்ண கால்ல எடை கம்மியா காட்டுறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம், நீங்க சத்தியம் பண்ணுவீங்க ரெண்டு கால்லயும் சமமாதான் நிக்கிறேன்னு. உடம்பு அப்படித்தான், எந்தக் கால் பலமோ அதை வெச்சு வேலையை முடிச்சுக்கும், நமக்குத் தகவல் சொல்லாது. நூறு ஸ்குவாட் பண்ணாலும் நல்ல கால்தான் இன்னும் நல்லாகும். வீடியோவுல இருக்கிறவருக்கு உங்க இடுப்பு ஒரு பக்கம் நகர்றது தெரியாது, முட்டி உள்பக்கமா சாயுறது தெரியாது. துணி எங்க வேணா கிடைக்கும், அளவெடுக்கத்தான் டெய்லர்கிட்ட போறோம், இதுவும் அவ்வளவுதான். பிசியோகிட்ட நீங்க வாங்குறது எக்ஸர்சைஸ் கிடையாது, எவ்வளவு, எப்ப, எதுக்கு அப்புறம் எதுங்கிற முடிவைத்தான் வாங்குறீங்க.

ஃபுட்பாலுக்கு வருவோம். 2016ல நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து 106 பேரை ரெண்டு வருஷம் கவனிச்சு வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. ஆபரேஷனுக்கப்புறம் ஒன்பது மாசம் வரைக்கும், ஆட்டத்துக்குத் திரும்புறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடப் போட, மறுபடி அடிபடுறது பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு. ஒன்பது மாசம் ஆயிட்டா மட்டும் போதாது, தொடை பலம், ஒத்தக்கால்ல தாவுற தூரம் எல்லாம் நல்ல காலோட 90 சதவீதமாவது இருக்கணும். இதைக் கண்ணால பாத்து சொல்ல முடியாது, அளந்துதான் சொல்லணும். நேரா ஓடுறதுக்கு அதுக்கு முன்னாடியே அனுமதி கிடைக்கலாம், அதுவும் முட்டி முழுசா நீளுதா, வீக்கம் வராம இருக்கா, பலம் எவ்வளவு வந்திருக்குன்னு பாத்துட்டு. ஆனா நேரா ஓடுறதும் ஃபுட்பால்ல பாதி ஓட்டத்துல சட்டுனு திரும்புறதும் வேற வேற விஷயம். வாரம் ரெண்டு தடவை போக முடியலன்னா பிசியோகிட்ட நேரா சொல்லுங்க, நான் ஒழுங்கா பண்றேன் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து டெஸ்ட் மட்டும் பண்ணிக்கிறேன்னு. நிறைய பேர் ஒத்துக்குவாங்க. பிரெண்ட்ஸ்கிட்ட இந்த வருஷம் கோச்சா நிக்கிறேன்னு சொல்லிடுங்க.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாத்தி மூணாவது வாரம். பிசியோ வந்து காலை மடக்குறப்ப அழறாங்க, பாக்கவே முடியல. கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா? முட்டிக்கு அடியில தலகாணி வெச்சாத்தான் தூங்குறாங்க. (மகள்)

முதல்ல அந்த தலகாணியை எடுங்கம்மா. மீதியை அப்புறம் பேசுவோம்.

ஏன்னா முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கிற நிலையிலதான் உள்ள இருக்கிற நீருக்கு இடம் அதிகம், அதனாலதான் அப்படி வெச்சா சுகமா இருக்கு. அந்த சுகத்துலயே ராத்திரி ராத்திரி கிடந்தா பின்னால இருக்கிற திசு அந்த அளவுக்கே சுருங்கிடும், அப்புறம் கால் நேரா நீளாது. நீளாத காலோட நிக்கிறப்ப தொடை தசை ஓயாம வேலை செய்யணும், அதனால சீக்கிரம் அசந்து போவாங்க, நொண்டுவாங்க. எல்லாரும் மடங்குதா மடங்குதான்னு மடங்குறதையே பாக்குறாங்க, நீளுதான்னு கேக்குறவங்க குறைவு. தலகாணி வேணும்னா குதிகாலுக்கு அடியில வைங்க, முட்டிக்கு அடியில காலியா இருக்கட்டும், கால் தன் எடையிலயே மெல்ல கீழ இறங்கும்.

மடக்குறதைப் பத்தி: சமதரையில நடக்க 65 டிகிரி கிட்ட மடங்குனா போதும், படி ஏற 85, 90 தேவை, சேர்ல இருந்து கை ஊனாம எழுந்திருக்க அதுக்கும் கொஞ்சம் மேல. அதனால பிசியோவைக் கேளுங்க, இன்னைக்கு எத்தனை டிகிரி, போன வாரம் எத்தனை. நம்பர் ஏறிக்கிட்டே வந்தா அம்மா கண்ணீர் விடுற அளவுக்கு அமுக்க வேண்டிய அவசியமே இல்ல, அதை நீங்க தைரியமா சொல்லலாம். நம்பர் அப்படியே நின்னுட்டா சர்ஜன்கிட்ட சீக்கிரம் போகணும், மயக்கம் கொடுத்து மடக்கி விடுற வழி ஒண்ணு இருக்கு, அது முதல் மூணு மாசத்துக்குள்ளன்னாத்தான் நல்லா பலன் தரும். நிறுத்தி வைக்கலாமான்னு கேட்டீங்க, வேண்டாம், இந்த வாரங்கள் திரும்ப வராது. ஆனா வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவுலயே, பிசியோ வர்றதுக்கு அரை மணி முக்கால் மணி முன்னாடி போடுற மாதிரி நேரத்தை மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நிறைய வீடுகள்ல மாத்திரை ஒரு நேரத்துக்கு, பிசியோ வேற நேரத்துக்கு, ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

இன்னொண்ணு. அம்மா தொடையை இறுக்கச் சொன்னா 'வரவே மாட்டேங்குது'ன்னு சொல்றாங்களா? சோம்பேறித்தனம்னு நினைச்சு அதட்டாதீங்க. முட்டிக்குள்ள வெறும் 20, 30 மில்லி நீர் சேந்தாலே தொடையோட உள்பக்க தசைக்குப் போற சிக்னலை நரம்பு மண்டலம் குறைச்சிடும்னு 1984லயே ஆரோக்கியமான முட்டிகள்ல உப்புத்தண்ணி ஏத்தி பரிசோதிச்சுப் பாத்திருக்காங்க. வீக்கம் இறங்க இறங்கத்தான் தசை சொன்ன பேச்சு கேக்கும். அதனால கொஞ்ச நேரம் நடை, கொஞ்ச நேரம் காலை உயர்த்தி வெச்சு ஐஸ், மறுபடி நடைன்னு பிரிச்சு பண்ணுங்க, ஒரேயடியா நடக்க விட்டு சாயங்காலம் முட்டி உருண்டையா நிக்க வேண்டாம்.

வாக்கிங் ஸ்டிக்கை ஆபரேஷன் பண்ணாத பக்கத்துக் கையில பிடிக்கணும். படி ஏறுறப்ப நல்ல கால் முதல்ல, இறங்குறப்ப ஆபரேஷன் கால் முதல்ல. கெண்டைக்கால் திடீர்னு வீங்கி சூடா வலிச்சா பிசியோவுக்காக காத்திருக்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, அது ரத்தக்கட்டியா இருக்கலாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்துச்சுன்னா நேரா எமர்ஜென்சி.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து அஞ்சு வாரம், இடது கை கால் இழுத்துக்கிச்சு. கால் பரவாயில்ல, கை தொங்குது. பிசியோ ஒரு மணி நேரம் கூட இருக்கிறதில்ல. நாங்க நாலு பேர் வீட்ல இருக்கோம், மாத்தி மாத்தி நாள் பூரா பண்ண வெச்சா சீக்கிரம் எழுந்துடுவாரா? சித்தப்பா ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்து அமுக்கச் சொல்றார்.

நாலு பேரும் அப்பாவுக்காக நிக்கிறீங்க, அதுவே பெரிய பலம். ஆனா 'நிறைய பண்ணா சீக்கிரம்'ங்கிற கணக்கு ஸ்ட்ரோக்ல எப்பவும் செல்லாது. 2015ல வெளிவந்த ஆய்வு, 5 நாடுகள்ல 2104 நோயாளிகள், ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள்ளயே எழுப்பி, அடிக்கடி நிறைய நேரம் நடமாட வெச்சவங்க ஒரு குழு, வழக்கமான கவனிப்புல இருந்தவங்க இன்னொரு குழு. முதல் குழுதான் ஜெயிக்கும்னு எல்லாரும் நினைச்சாங்க. மூணு மாசம் கழிச்சு பாத்தா, நல்லபடியா தேறுனவங்க அந்தக் குழுவுல 46 சதவீதம், வழக்கமான கவனிப்புல 50. படிச்சவங்களையே திகைக்க வெச்ச முடிவு அது. உங்க அப்பா அந்த முதல் நாள் கட்டத்தையெல்லாம் தாண்டிட்டார், இப்ப நிறைய தடவை திரும்பத் திரும்ப பண்றது நல்லதுதான், மூளை அப்படித்தான் புது வழி போட்டுக்கும். எதைத் திரும்பத் திரும்ப பண்றோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

ரப்பர் பந்தை சித்தப்பா மனசு நோகாம வாங்கி உள்ள வைங்க. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் விரலை மூடுற தசைதான் பொதுவா இறுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கும், திறக்குறதுதான் வராது. மூடுறதையே நாள் பூரா பழக்குனா திறக்குற பயிற்சி யார் கொடுக்கிறது? அதை பிசியோ பாத்து முடிவு பண்ணட்டும். அதைவிட முக்கியம் தோள். கை தொங்குதுன்னு எழுதியிருக்கீங்க, அப்படின்னா தோள்மூட்டைப் பிடிச்சு வைக்கிற தசை தூங்குது, கையோட எடையே மூட்டைக் கீழ இழுத்துக்கிட்டு இருக்கும். கட்டில்ல இருந்து எழுப்புறப்ப அந்தக் கையைப் பிடிச்சோ அக்குள்ல கை கொடுத்தோ தூக்காதீங்க. பாசத்துல அவசரத்துல ஒரு தடவை இழுத்துட்டா மாசக்கணக்குல தோள் வலி, வலியினால கையை அசைக்கவே விடமாட்டார். உக்காந்திருக்கிறப்ப முன்னால மேஜையிலயோ மடியில தலகாணி மேலயோ கை தாங்கலா இருக்கட்டும்.

சரி, நாலு பேருக்கும் வேலை வேணும்ல. சேர்ல இருந்து எழுந்து உக்கார்றது, இதைவிட நல்ல பயிற்சி வீட்ல கிடையாது, பிசியோ எப்படி பண்ணணும்னு காட்டித் தரட்டும், இடது கால்லயும் எடை விழுதான்னு பக்கத்துல ஒருத்தர் பாத்துக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா நாள்ல பல தடவை பண்ண வைங்க. பேசுறப்ப இடது பக்கம் உக்காந்து பேசுங்க. சட்டை போடுறப்ப பட்டனை நீங்களே போட்டு விடாம அவர் முயற்சி பண்ற வரைக்கும் பொறுமையா நில்லுங்க, இதுதான் இருக்கிறதுலயே கஷ்டமான வேலை. பயன்படுத்தாத கையை மூளை மறந்தே போயிடும். மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது தானா நிமிர்த்த வந்துச்சுன்னா, நல்ல கையைக் கட்டி வெச்சு இழுத்துக்கிட்ட கையாலயே வேலை வாங்குற சிகிச்சை முறை ஒண்ணு இருக்கு, 2006ல பெரிய அளவுல சோதிச்சு பலன் உண்டுன்னு காட்டுனாங்க. அது எல்லாருக்கும் பொருந்தாது, நீங்களா வீட்ல கட்டிப் பாக்காதீங்க. பொதுவா முதல் மூணு மாசத்துல முன்னேற்றம் வேகமா இருக்கும், அப்புறம் வேகம் குறையும், அதுக்காக நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்ல. அப்பா களைச்சுப் போனா தூங்க விடுங்க. அழுதுக்கிட்டே இருந்தாலோ எதுலயும் பிடிப்பில்லாம இருந்தாலோ டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மனச்சோர்வு சகஜம், அதுக்கு மருந்து உண்டு.

தோள்பட்டை இறுகிப்போச்சு, ஃப்ரோசன் ஷோல்டர்னு சொல்லி மாசக்கணக்கா பிசியோவுக்கு ஒரு இடத்துக்குப் போறேன். சூடு வைக்கிறாங்க, கரண்ட் வைக்கிறாங்க, மசாஜ் பண்றாங்க. அங்க இருக்கிறவரைக்கும் சுகமா இருக்கு, வீட்டுக்கு வந்தா பழைய கதைதான். சுகர் வேற இருக்கு. பிசியோன்னாலே இவ்வளவுதானா? (வாசகி, 52 வயசு)

இவ்வளவுதான்னா நானே இந்தத் தொழிலுக்கு வந்திருக்க மாட்டேன். சூடும் கரண்டும் தப்பில்ல, வலியைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கும், அந்த நேரத்துல கையை அசைக்க வைக்கணும், அதுக்குத்தான் அது. வெறும் அதை மட்டும் பண்ணி அனுப்புறாங்கன்னா பாதி வேலைகூட நடக்கல.

முதல்ல உங்களுக்கு வந்திருக்கிறது அதுதானான்னு யாராவது சோதிச்சாங்களா? முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு, முன்னங்கையை வெளிப்பக்கமா திருப்பணும், ரெண்டு கையையும் சேர்த்துப் பாக்கணும். ஃப்ரோசன் ஷோல்டர்ல நீங்களா திருப்புனாலும் திரும்பாது, அடுத்தவங்க பிடிச்சுத் திருப்புனாலும் அதே இடத்துல நின்னுடும். நீங்களா தூக்கினா வராம, அடுத்தவங்க தூக்கினா சுலபமா வந்துச்சுன்னா அது வேற பிரச்சினையா இருக்கலாம், தசைநார் கிழிசல் மாதிரி. இந்த ஒரு சோதனைக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

இந்த நோய்க்கு மூணு கட்டம் உண்டு. முதல்ல வலி அதிகம், ராத்திரி அந்தப் பக்கம் படுக்கவே முடியாது. அப்புறம் வலி குறைஞ்சு இறுக்கம் மட்டும். கடைசியா மெல்ல மெல்ல விடும். மொத்தமா ஒரு வருஷத்துலருந்து மூணு வருஷம் வரைக்கும் போகும், சுகர் இருக்கிறவங்களுக்கு இது அதிகமா வரும், விடுறதுக்கும் நாளாகும். வலி உச்சத்துல இருக்கிறப்ப முரட்டுத்தனமா இழுக்கக்கூடாது. 2004ல வந்த நெதர்லாந்து ஆய்வுல, வலி தாங்குற எல்லைக்குள்ள மட்டும் அசைச்சவங்க ரெண்டு வருஷம் கழிச்சு, வலிக்க வலிக்க இழுத்தவங்களைவிட நல்லா இருந்தாங்க. ஆனா ரெண்டாவது மூணாவது கட்டத்துல அதே பயந்த அசைவு போதாது, அப்ப கொஞ்சம் அழுத்தித்தான் இழுக்கணும். நீங்க எந்தக் கட்டத்துல இருக்கீங்கன்னு தெரியாமலே மாசக்கணக்கா ஒரே மாதிரி செய்யுறாங்கன்னா அங்கதான் எனக்குக் கோவம் வருது. வலி தாங்க முடியாத கட்டம்னா மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடுறது உதவும், டாக்டர்கிட்ட பேசுங்க, சுகர் சில நாள் ஏறும்னு முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

நல்ல பிசியோவை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு இன்னும் சில பேர் கேட்டிருக்கீங்க. முதல் நாளே மெஷினை மாட்டாம, என்ன பண்ண முடியல உங்களாலன்னு கேப்பாங்க. தலை வார முடியலையா, முதுகுப் பக்கம் கை போகலையா. அளந்து எழுதி வைப்பாங்க. வீட்ல பண்ண ரெண்டு மூணு எக்ஸர்சைஸ் கொடுப்பாங்க, பதினஞ்சு கொடுத்தா யார் பண்றது. ஒரு மாசத்துல அளவு மாறலன்னா சிகிச்சையை மாத்துவாங்க, இல்ல வேற டாக்டருக்கு எழுதிக் கொடுப்பாங்க. படிப்பும் பதிவும் இருக்கான்னு கேக்குறதுல கூச்சமே வேண்டாம். இங்கிலாந்துல இன்னைக்கு இருக்கிற பிசியோ சங்கத்தை 1894ல நாலு நர்ஸுங்க சேந்து ஆரம்பிச்சதே, மசாஜ்ங்கிற பேர்ல யார் வேணா என்ன வேணா பண்ணிக்கிட்டு இருந்ததால முறையா பயிற்சி எடுத்தவங்களைத் தனியா அடையாளம் காட்டணும்னுதான். கேக்குறதுக்கு நூறு வருஷத்துக்கு மேலான நியாயம் இருக்கு.

முதுகுவலின்னு எம்ஆர்ஐ எடுத்தேன், எல்4-எல்5 டிஸ்க் (அடிமுதுகு எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற மெத்தை) பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட். குனியவே பயமா இருக்கு. ஜிம்மை விட்டுட்டேன். படுத்தே இருந்தா உள்ள போயிடுமா?

ரிப்போர்ட்டைப் படிச்சதும் முதுகு கண்ணாடின்னு நினைச்சுட்டீங்க. முதுகுவலியே இல்லாத 3110 பேரோட ஸ்கேன்களை அலசி 2015ல ஒரு தொகுப்பு வந்துச்சு, 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 80 வயசுல 84 சதவீதம். வலி எதுவும் இல்லாதவங்கன்னு மறுபடி சொல்றேன். அதனால படத்துல பிதுக்கம் இருக்கிறதும் உங்க வலிக்கு அதுதான் காரணம்ங்கிறதும் ஒண்ணு கிடையாது, உடம்பைத் தொட்டு சோதிச்சுத்தான் பொருத்திப் பாக்க முடியும். படுத்துக் கிடந்தா தசைதான் கரையும். ஆரோக்கியமான வயசானவங்களையே பத்து நாள் படுக்க வெச்சுப் பாத்தாங்க, கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போச்சு.

ஜிம்முக்குப் போலாம், ஆனா விட்ட எடையிலயே ஆரம்பிக்காதீங்க. பிசியோ பாத்து குனியுறது, எடை தூக்குறதை எல்லாம் சின்னதுலருந்து ஏத்திக் கொடுக்கட்டும், பயம் போறதுக்கும் அதுதான் மருந்து. ஒண்ணு மட்டும் கவனம்: ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வர்றது தெரியாமப் போறது இல்ல அடக்க முடியாமப் போறது, சீட்ல படுற இடம் மரத்துப்போறது, ரெண்டு கால்லயும் பலம் குறைஞ்சுகிட்டே போறது, இதுல எது வந்தாலும் எந்த பிசியோவும் வேண்டாம் எக்ஸர்சைஸும் வேண்டாம், ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

ஓடுறது என் பழக்கம். குதிகாலுக்குப் பின்னால இருக்கிற நரம்புல, அதாவது தசைநார்ல வலி, காலையில முதல் அடி வைக்கவே முடியல. ரெஸ்ட் எடுத்தா போகுது, ஓடுனா வருது. வலியோட எக்ஸர்சைஸ் பண்ணச் சொல்றார் பிசியோ, இதென்ன கூத்து?

கூத்தேதான், ஆனா வேலை செய்யுற கூத்து. 1998ல ஸ்வீடன்ல ஹாகன் ஆல்ஃபிரெட்சன்ங்கிற எலும்பு டாக்டர் வெளியிட்ட முறை. படி விளிம்புல முன்பாதம் வெச்சு நின்னு, குதிகாலை மெதுவா கீழ இறக்குறது, 15 தடவை, மூணு செட், முட்டி நேரா ஒரு தரம் லேசா மடக்கி ஒரு தரம், தினம் ரெண்டு வேளை, 12 வாரம். அவருக்கே இந்த வலி இருந்துச்சாம், ஆபரேஷன் பண்ணிவிடுங்கன்னு கேட்டாராம், மேல இருந்தவர் அந்த அளவுக்கு மோசமில்லன்னு மறுத்துட்டாராம், சரி நானே மோசமாக்கிக்கிட்டு வர்றேன்னு குதிகாலைப் போட்டு இறக்க ஆரம்பிச்சா வலி போயிடுச்சாம். தசைநாருக்கு ரெஸ்ட் கொடுத்தா வலி அடங்கும், பலம் வராது, அதனாலதான் ஓடுனதும் திரும்பி வருது.

எவ்வளவு வலி வரலாம்னா, பத்துக்கு அஞ்சு வரைக்கும் இந்தப் பிரச்சினையில பொதுவா அனுமதிக்கிறாங்க, மறுநாள் காலையில பழைய நிலைக்கு வந்திருக்கணும். வரலன்னா நேத்து பண்ணது அதிகம். இந்தக் கணக்கு எல்லா வலிக்கும் பொருந்தாது, எலும்பு விரிசலுக்கு இதைப் பண்ணா உடைஞ்சே போகலாம். வலி தசைநாரோட நடுவுலயா, இல்ல குதிகால் எலும்பை ஒட்டியே இருக்கான்னு பிசியோகிட்ட காட்டுங்க. ஒட்டியே இருந்தா படி விளிம்புக்குக் கீழ இறக்கக்கூடாது, தரையோட நிறுத்திக்கணும்.

கணுக்கால் எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு பிரிச்சாச்சு. எல்லாரும் பிசியோ பிசியோங்கிறாங்க. கட்டாயமா?

நான் ஆமான்னுதான் சொல்லுவேன்னு எதிர்பாத்திருப்பீங்க. இதே விஷயத்துல 2015ல ஆஸ்திரேலியாவுல 214 பேரை வெச்சு ஆய்வு பண்ணாங்க. மேற்பார்வையோட எக்ஸர்சைஸ் பண்ணவங்களும், ஒரே ஒரு தடவை பிசியோகிட்ட விளக்கமா கேட்டுட்டுப் போய் தானே பண்ணிக்கிட்டவங்களும் ஒரே மாதிரிதான் தேறியிருக்காங்க. அதனால சிக்கல் இல்லாத முறிவுன்னா ஒரு தடவை போங்க, ஒழுங்கா கேட்டுக்கோங்க, நடக்க ஆரம்பிங்க. சில வாரம் ஆகியும் நொண்டுறது நிக்கலன்னா, இல்ல தோல் நிறம் மாறி தொட்டாலே எரியுற மாதிரி வலிச்சுதுன்னா மறுபடி போங்க.

ஆன்லைன்ல பிசியோ பாக்குறது சும்மா ஏமாத்து வேலையா?

இல்ல. மூட்டு மாத்துனவங்களுக்கு வீடியோ கால்ல பிசியோ கொடுத்தாலும் நேர்ல கொடுத்ததுக்குக் குறைவில்லன்னு 2015 ஆய்வு ஒண்ணு காட்டியிருக்கு. அந்தப் பக்கம் உங்களைப் பாக்குற ஆள் இருக்கணும், அவ்வளவுதான். முதல் சோதனையை மட்டும் முடிஞ்சா நேர்ல வெச்சுக்கோங்க, தசையோட பலத்தை ஸ்கிரீன் வழியா அமுக்கிப் பாக்க முடியாது. கேமராவை முகத்துக்கு வைக்காதீங்க, காலுக்கு வைங்க, பாதி பேர் எனக்குத் தலையைத்தான் காட்டுறாங்க.

கெண்டைக்கால் தசை கிழிஞ்சு பிசியோ போய்க்கிட்டிருந்தேன். இன்னும் முழுசா சரியாகல, ஆனா அவர் 'இனிமே வரவேண்டாம், ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தடவை காட்டுங்க போதும்'னுட்டார். கழட்டி விடுறாரா?

வாரா வாரம் வந்து போங்கன்னு சொல்லியிருந்தா அவருக்கு வருமானம், அதை விட்டுட்டு இப்படி சொல்றார்னா நம்புங்க. ஆனா வெறும் கையோட வந்துடாதீங்க. எப்ப எடையைக் கூட்டணும், எது வந்தா குறைக்கணும், எது வந்தா ரெண்டு மாசம் காத்திருக்காம போன் பண்ணணும்னு கேட்டு எழுதி வாங்குங்க. அங்கயே சுவத்துல விரல் நுனி வெச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, முதல்ல நல்ல கால், அப்புறம் அடிபட்ட கால், ரெண்டு எண்ணிக்கையையும் அவர் முன்னாடியே குறிச்சுக்கோங்க. அடுத்த தடவை அந்தப் பேப்பரையும் எடுத்துட்டுப் போங்க.